ஒருவர் ஆயிரம் பேராகலாமா?



இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கச்சேரிக்கும் பந்தாட்டத்துக்கும் டிக்கெட் வாங்குவதைப் பற்றிச் சங்க இதழில் என்ன பேச்சு, தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் எழுதவே இடம் போதவில்லையே என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. கச்சேரிக்குப் போகலாமா கூடாதா என்ற விசாரணைக்குள் நாம் போகவில்லை. அதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பேச வந்தது கொடுக்கல் வாங்கலைப் பற்றி. டிக்கெட் இங்கே ஓர் உதாரணச் சரக்கு. இன்று டிக்கெட்டில் நடப்பது நாளை அரிசியிலும் மருந்திலும் நடக்கலாம். ரயில் பிரயாணத்தில் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஆகவே கடை வைத்திருப்பவர்களும், கடைக்குப் போகிறவர்களும், கைத்தொலைபேசியிலேயே வாங்கி விற்று நாலு காசு பார்க்கும் நம் இளைஞர்களும் இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

முன்பெல்லாம் டிக்கெட் விற்பனை என்றால் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் முன்னே ஆட்கள் வரிசையாய் நிற்பார்கள். முந்தி வந்தவர் முந்தி வாங்குவார். முண்டியடிக்கிறவனும் இருப்பான். ஆனால் எவ்வளவு முண்டினாலும் அவன் ஓர் ஆள்தான். அவனுக்கும் இரண்டு கைகள்தான். இன்று அந்த ஜன்னல் இணையத்துக்குள் போய்விட்டது. காலை 10 மணிக்கு விற்பனை ஆரம்பம் என்று அறிவிப்பார்கள். ஒருவருக்கு நான்கு டிக்கெட், அல்லது ஆறு டிக்கெட், அதற்கு மேல் இல்லை என்று வரம்பும் கட்டுவார்கள். ஜனங்கள் வேலையை விட்டுவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பார்கள். மணி பத்தாகும். பத்து நிமிஷத்துக்குள் எல்லாம் விற்றுப் போயிற்று என்று செய்தி வரும். அதே டிக்கெட்டுகள் அன்று மாலையே வேறு இடத்தில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு விலைக்குத் தொங்கும்.

இந்தக் கைங்கரியத்தைச் செய்வது மனிதக் கை அன்று. ‘பாட்’ என்று சொல்லப்படும் கணினி நிரல் அது. ரோபாட் என்ற சொல்லின் வால்தான் அந்தப் பெயர். அது நம்மைப்போல் பெயரையும் முகவரியையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிராது. கண்ணிமைக்கும் நேரத்தில் படிவத்தை நிரப்பிவிடும். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களில் நூற்றுக்கணக்கான வாசல்களில் நிற்கும். பெயருக்கு ஒரு கடன் அட்டையைக் காட்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவதுபோல் தன் இணைய முகவரியை மாற்றிக்கொள்ளும். வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் காவலையும் தாண்டிவிடும். சுருக்கமாகச் சொன்னால், ஓர் ஆள் தன்னை ஆயிரம் ஆளாகக் காட்டிக்கொள்ள உதவும் யந்திரம் அது.

இது ஊகம் அன்று. அமெரிக்காவில் இதன் வரலாறு நீதிமன்றங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் பதிவாகியிருக்கிறது. 2002 முதல் 2009 வரை ‘வைஸ்கை டிக்கெட்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய ஒரு கூட்டத்தார் இத்தகைய நிரல்களைக் கொண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாரிக்கொண்டார்கள் என்றும், 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் லாபம் எடுத்தார்கள் என்றும் அரசாங்கத் தரப்பு குற்றம் சாட்டியது. 2010-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் வழக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அவர்களில் முக்கியமானவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டிக்கெட் நிரலுக்கென்று தனியாக ஒரு கூட்டரசுச் சட்டம் அப்போது அங்கே கிடையாது. மோசடிக்கும் கணினிக் குற்றங்களுக்கும் உரிய பொதுச் சட்டங்களைக் கொண்டுதான் அவர்களைப் பிடிக்க நேர்ந்தது.

அதன் பின்னும் ஆட்டம் ஓயவில்லை. 2016 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். ‘யூ 2’ என்னும் ஐரிஷ் இசைக்குழு மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் நடத்தவிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு 2014 டிசம்பரில் டிக்கெட் விற்றார்கள். ஒருவருக்கு நான்குதான் என்பது அறிவிக்கப்பட்ட வரம்பு. ஆனால் ஒரே ஒரு தரகர் ஒரே நிமிஷத்தில் 1,012 டிக்கெட்டுகளை வாங்கிவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தத் தரகரும் இன்னொரு தரகரும் சேர்ந்து, வட அமெரிக்கா முழுவதிலும் அக்குழு நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்கு 15,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளைக் குவித்துவிட்டார்கள். அதே 2016 ஜூனில், ‘ஹாமில்டன்’ என்னும் பேர்பெற்ற மேடை நாடகத்தை எழுதிய லின்-மானுவல் மிராண்டா, சாதாரண ஜனங்கள் நாடகம் பார்க்க முடியாமல் இந்த யந்திரங்கள் செய்துவிடுகின்றன என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் முறையிட்டு எழுதினார்.

அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் தேதி அதிபர் ஒபாமா கையொப்பமிட, இதற்கென்று ஒரு கூட்டரசுச் சட்டம் பிறந்தது. இருநூறு பேருக்கு மேல் கொள்ளும் அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தும். ஒருவருக்கு இத்தனை என்ற வரம்பையும், முந்தியவருக்கு முந்தி என்ற முறையையும் காப்பதற்காக விற்பவர் வைத்திருக்கும் பூட்டைத் தந்திரமாகக் கடப்பது குற்றம். அப்படிக் கடந்து வாங்கியது என்று அறிந்தோ, அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தோ அந்த டிக்கெட்டை விற்பதும் குற்றம். திருட்டுச் சரக்கு என்று தெரிந்து வாங்கி விற்பவனும் திருட்டில் பங்காளி என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு ஒப்பானது இது.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்கிய டிக்கெட்டை அதிக விலைக்கு விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. லாபத்துக்கு அது எல்லை கட்டவில்லை. வாசலில் நடந்த தந்திரத்தை மட்டுமே பிடிக்கிறது. இது சரிதானா? குற்றம் உண்மையில் எங்கே இருக்கிறது? லாபத்திலா, யந்திரத்திலா, அல்லது வேறொன்றிலா? இதுதான் நம் கேள்வி.

வியாபாரிகளாகிய நாம் இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடிய விலைக்கு விற்பதுதான் நம் தொழிலும். “நீர் மொத்தக் கடையில் நூறு மூட்டை எடுத்து லாபம் வைத்துச் சில்லறையில் விற்கிறீர், நான் நூறு டிக்கெட் எடுத்து லாபம் வைத்து விற்கிறேன். உமக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?” என்று ஒரு பிள்ளை நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? “நீ செய்வது பாவம், நான் செய்வது வியாபாரம்” என்று மட்டும் சொன்னால் அவன் சிரிப்பான். அவனுக்குக் காரணம் காட்ட வேண்டும்.

முதற் காரணம் உழைப்பு. சரக்கு மலிந்த இடத்திலிருந்து அது இல்லாத இடத்துக்கு வியாபாரி கொண்டுவருகிறான். மூட்டையைப் பிரித்து, ஏழைக்கு வேண்டிய அரைக் கிலோவாக நிறுத்துக் கொடுக்கிறான். எலியும் ஈரமும் கடன் பாக்கியும் அவன் தலையில்தான் விழுகின்றன. அந்தச் சிரமத்துக்கும் துணிவுக்கும் கிடைக்கும் கூலியே லாபம். யந்திரம் வைத்திருப்பவனோ டிக்கெட்டை எங்கிருந்தும் எங்கும் கொண்டுவரவில்லை. அது ஏற்கெனவே எல்லாருடைய கைக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது. எட்டாத இடத்துக்கு அதைத் தூக்கிவைத்துவிட்டு, எடுத்துத் தருவதற்குக் கூலி கேட்கிறான்.

ஆனால் இந்தக் காரணம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிரமம் இல்லாமல் வரும் லாபமும் உலகில் உண்டு. அதெல்லாம் ஹராம் என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆகவே மார்க்கம் சந்தையை எப்படி நடத்தச் சொல்கிறது என்று பார்ப்போம்.

மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயம் செய்து தாருங்கள் என்று மக்கள் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பெருமானார் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் என்றும், எவருடைய பொருளிலும் தாம் அநீதி செய்யாத நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் கருத்துப்பட மறுமொழி கூறினார்கள். இதிலிருந்து, லாபம் மிகுந்தது என்பதற்காக மட்டும் ஒருவனைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது என்று தெரிகிறது.

ஆனால் அதே பெருமானார் சந்தையின் வாசலை மிகக் கண்டிப்பாகக் காத்தார்கள். வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தை, அது சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே எதிர்கொண்டு போய்ச் சரக்கைப் பிடித்துக்கொள்வதை அவர்கள் தடுத்தார்கள். சரக்குக்காரருக்கு ஊர் விலை தெரியாது; அவர் ஏமாறுவார். ஊராருக்கோ சரக்கே வந்து சேராது. இடையில் நின்றவன் சொன்னதே விலையாகும். வாங்க எண்ணம் இல்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு அடுத்தவனைச் சிக்க வைப்பதையும் தடுத்தார்கள். ஒரு நாள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். அவர் எவ்வளவு விலை சொன்னார் என்று அங்கே விசாரணை நடக்கவில்லை. ஈரத்தை ஏன் மறைத்தார் என்பதே விசாரணை.

ஆக, மார்க்கம் விலையை விட்டுக் கொடுத்தது. உண்மையை விட்டுக் கொடுக்கவில்லை. சந்தைக்கு எல்லாரும் ஒரே வாசல் வழியாக வர வேண்டும். வருகிறவன் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் விலை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இது பதுக்கல் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். பதுக்கல் கொடிய பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சட்டம் எந்தெந்தச் சரக்குக்குப் பொருந்தும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது உணவுப் பொருள்களையே குறிக்கும்; ஹனஃபி மத்ஹபின் பெரியவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தேக்கினால் பொதுமக்களுக்குத் துன்பம் வருமோ அதெல்லாம் பதுக்கலே என்றார்கள். டிக்கெட் இதில் சேருமா சேராதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் அல்லர். தீர்ப்பு எதுவாயினும், பொய் எல்லாச் சரக்கிலும் பொய்தான். அதற்கு மத்ஹபு வேற்றுமை கிடையாது.

இனி, படித்தவர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். டிக்கெட்டின் விலையை ஆரம்பத்திலேயே குறைவாக வைத்ததுதான் தவறு, வேண்டுகிறவர்கள் அதிகம், இடமோ கொஞ்சம், ஆகவே யார் அதிகம் கொடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கே போகட்டும், இடைத்தரகன் செய்வதெல்லாம் பொருளை அதன் உண்மை விலைக்குக் கொண்டுபோவதுதான் என்பது அவர்கள் வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சந்தை அப்படித்தான் ஓடும்.

ஆனால் ஒருவர் தம் பொருளை வேண்டுமென்றே குறைந்த விலைக்குக் கொடுக்கும்போது, அந்தக் குறைவு யாருக்காக என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் மானிய விலையில் வரும் பாக்கெட் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்காக அரசாங்கம் விலையைக் குறைத்திருக்கிறது. ஒருவருக்கு இத்தனை பாக்கெட் என்று கடையில் எழுதி வைக்கிறோம். ஒருவன் தன் கடைப் பையன்கள் பத்துப் பேரைப் பத்து முறை அனுப்பி எடுத்துப்போய், உணவுக் கடைக்குக் கூடிய விலைக்கு விற்றால், எண்ணெயை அதன் உண்மை விலைக்குக் கொண்டுபோனான் என்று அவனைப் பாராட்டுவோமா? ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுக்கிறோம். ஒருவன் பத்துப் பாத்திரம் கொண்டுவந்து பத்துப் பெயர் சொல்லி வாங்கிப்போய், கஞ்சி தீர்ந்த பிறகு வந்தவர்களிடம் வாசலுக்கு வெளியே நின்று விற்றால், நிர்வாகிகள் விலையைக் குறைவாக வைத்தது தவறு என்று சொல்லுவோமா? அந்தக் குறைந்த விலை ஒரு கொடை. கொடுத்தவர் மனத்தில் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வந்து வேறொருவன் வாங்கிப்போனால், அவன் கொடுத்தவரையும் ஏமாற்றினான், பெற வேண்டியவரையும் ஏமாற்றினான்.

அப்படியானால் குற்றம் யந்திரத்தினுடையதா? இதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யந்திரம் கத்தியைப் போன்றது. கண் தெரியாதவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுவதும் ஒரு நிரல்தான். கடைக் கணக்கைக் கூட்டுவதும் ஒரு நிரல்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் ஒரு தரகு நிறுவனத்தின் மீது மேற்படி சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளைக் கொண்டு வரம்பை மீறி வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நிறுவனமோ, தாங்கள் தானியங்கி நிரல் எதையும் பயன்படுத்தவில்லை, ஆகவே அந்தச் சட்டம் தங்களைக் கட்டாது என்று வாதாடியது. அந்தச் சட்டத்தின் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள். நம் மனசாட்சியின் முன் வைத்துப் பார்த்தால் இதில் குழப்பம் இல்லை. ஒருவன் ஆயிரம் பெயரைக் கையால் எழுதினாலும், யந்திரத்தால் எழுதினாலும், பெயர்கள் பொய். யந்திரம் செய்தது அந்தப் பொய்யை வேகப்படுத்தியதுதான்.

2020-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர நீதிமன்றமும் இதே வழியில்தான் போயிற்று. பல பெயர்களும் பல அட்டைகளும் கொண்டு டிக்கெட்டுகளை வாரி விற்ற இருவரை மோசடி வியாபாரம் என்ற குற்றத்துக்காகத் தண்டித்தது. ஒருவருக்கு 4 ஆண்டு, மற்றவருக்கு 2½ ஆண்டு சிறை. யந்திரத்தை மட்டும் குறிவைக்கும் ஒரு தனி விதி அந்நாட்டில் 2018 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த இருவரைச் சிறைக்கு அனுப்பியது மோசடி என்னும் பழைய குற்றந்தான்.

நம்மவர்களுக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. ஊருக்குப் போய் வருகிறவர்கள் இந்திய ரயில்வேயின் தட்கல் டிக்கெட்டை அறிவார்கள். அவசரப் பிரயாணிகளுக்காக, வண்டி புறப்படுவதற்கு முந்திய நாள் திறக்கப்படுவது அது. ஜனாஸாவுக்கு ஓடுகிறவருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கும் அதுவே கதி. அதையும் நிரல் கொண்டு வாரிப் பழகினார்கள். அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழிலுக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஜன்னல் காலத்தில் எழுதிய அந்தச் சட்டம் இணைய டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் அடையாளம் வேண்டும் என்றும், முதல் அரை மணி நேரம் முகவர்கள் எடுக்கக் கூடாது என்றும் விதி வந்தது. ஒருவர் ஒருவராகவே வர வேண்டும் என்பதுதான் அந்த விதியின் சாரம். கச்சேரி டிக்கெட் நமக்கு எதற்கு என்று கேட்ட பெரியவர்களுக்கும் இப்போது விஷயம் விளங்கும்.

சட்டம் போட்டதால் தீமை ஒழிந்துவிட்டதா? இல்லை. 2016-இல் பிறந்த அமெரிக்கச் சட்டத்தின்கீழ் முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில்தான் வந்தது. நியூயார்க் பகுதியைச் சேர்ந்த மூன்று தரகு நிறுவனங்கள் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை இவ்வாறு எடுத்ததாக ஆணையம் சொன்னது. விதித்த அபராதம் 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். கட்ட இயலாது என்றதால் 37 லட்சம் டாலர் கட்டினால் போதும் என்று ஆயிற்று. இடையில் 2022 நவம்பர் 15 அன்று டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் பாடகியின் நிகழ்ச்சிகளுக்கு விற்பனை திறந்தபோது, மனிதரும் யந்திரமுமாக 350 கோடி முறை கதவு தட்டப்பட்டதாக விற்ற நிறுவனமே சொல்லிற்று. பொதுமக்களுக்கென்று வைத்திருந்த விற்பனை நாள் ரத்தாகிப் போனது.

குற்றம் தரகனிடம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன் சொன்ன நியூயார்க் அறிக்கை இன்னொரு கணக்கையும் வெளியிட்டது. சராசரியாக நூற்றுக்கு 46 டிக்கெட்டுகள்தாம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. 16 டிக்கெட் வேண்டியவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 38 டிக்கெட், குறிப்பிட்ட கடன் அட்டை வைத்திருப்பவர்கள் போன்றோருக்கு முன்கூட்டியே விற்கப்பட்டது. எல்லாருக்கும் வரிசை என்று அறிவித்துவிட்டுப் பாதிக்கு மேல் பின்வாசலில் அனுப்புகிறவர், முன்வாசலில் முண்டியடித்தவனைத் திருடன் என்று கூவினால் அந்தக் கூச்சலில் வலு இருக்குமா? வரிசை என்று அறிவிப்பது ஒரு வாக்கு. நிற்கிறவர்கள் அந்த வாக்கை நம்பி நிற்கிறார்கள். தம் நேரத்தை அங்கே ஒப்படைக்கிறார்கள். ஆகவே வரிசை என்பது அமானிதம். வெளியிலிருந்து அதை உடைப்பவனும் துரோகி. உள்ளிருந்து உடைப்பவரும் துரோகிதான். சட்டம் இருவரையும் பார்க்க வேண்டும்.

இப்படி ஓட்டை நிறைந்த சட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பிரயோஜனம் உண்டு. சட்டம் கள்ளனைத் திருத்துமோ திருத்தாதோ. நேர்மையானவன் தோற்றுப் போகாமல் காக்க அது வேண்டும். ஒரு தெருவில் நான்கு கடைகளில் மூன்று கடைகள் எடையில் குறைத்தால், நாலாவது கடைக்காரன் தன் நேர்மைக்காக ஒவ்வொரு நாளும் அபராதம் கட்டுகிறான். சில வருஷத்தில் ஒன்று அவன் கடையை மூடுவான், அல்லது அவனும் குறைக்கக் கற்றுக்கொள்வான். எடைக்கல்லைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்து போனால்தான் அவன் தலை நிமிர்ந்து நிற்க முடியும். அதனால்தான் இஸ்லாமிய ஆட்சிகளில் சந்தையைக் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி இருந்தார். கொடியவர் கையில் மக்கள் அகப்படாமல் காப்பது அவர் வேலை. நல்லவர் நல்லவராகவே இருக்க வழி விடுவதும் அவர் வேலை.

ஆனால் முஹ்தஸிப் எல்லா இடத்துக்கும் வர முடியாது. அறைக்குள் தனியே கணினியின் முன் உட்கார்ந்து பொய்ப் பெயர்களைத் தட்டுகிறவனை எந்த அதிகாரி பார்ப்பார்? அங்கே பார்க்கிறவன் ஒருவன்தான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’ நூலில் ஒரு வியாபாரியின் வரலாற்றைச் சொல்கிறார்கள். வாஸித் ஊரில் இருந்த அவர் ஒரு மரக்கலம் நிறையக் கோதுமையைப் பஸராவுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்த அன்றே விற்றுவிடும்படி தம் ஆளுக்கு எழுதினார். அங்குள்ளவர்கள் ஒரு வாரம் பொறுத்தால் பன்மடங்கு லாபம் வரும் என்றார்கள். அந்த ஆளும் அப்படியே பொறுத்து, பெரும் லாபம் எடுத்து, சந்தோஷமாக எழுதிப் போட்டார். முதலாளியோ மனம் நொந்து, மார்க்கம் கெடாத சொற்ப லாபமே தமக்குப் போதுமாயிருந்தது என்றும், அந்தப் பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படியும் மறுமொழி எழுதினாராம். அவரைப் பிடிக்க ஒரு சட்டமும் வரவில்லை. ஒரு காவலரும் கதவைத் தட்டவில்லை. அவரே தமக்கு முஹ்தஸிபாக இருந்தார்.

சகோதரர்களே! நம் பிள்ளைகளில் பலர் இன்று இணைய வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார்கள். அதில் தவறில்லை, வியாபாரம் நமக்கு ஹலாலாக்கப்பட்டது. காலணியோ, விளையாட்டுக் கருவியோ, டிக்கெட்டோ எதை விற்றாலும், அது தம் கைக்கு எப்படி வந்தது என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். “அப்பா, எல்லாரும் செய்கிறார்கள்” என்று அவர்கள் சொன்னால், கோபித்து விரட்டாமல் உட்கார வைத்துப் பேசுவது பெரியவர்கள் கடமை. ஒரு பொய்ப் பெயர் எழுதக் கூசாத கை, நாளை ஹஜ்ஜுக்குக் காத்திருப்போரின் வரிசையிலும் கூசாது. வீட்டு வாரிய வரிசையிலும் கூசாது.

வியாபாரிகளாகிய நாம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மலிவாய் வரும் சரக்கைக் கேள்வி கேட்டு வாங்குவோம். ஒருவருக்கு இத்தனை என்று நாமே எழுதி ஒட்டினால், நம் உறவினர் வந்தாலும் அந்தக் கணக்கைக் காப்போம். வாங்குகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையின் பிடிவாதத்துக்காக ஐந்து மடங்கு கொடுத்து வாங்குகிறபோது, அந்த யந்திரத்துக்கு அடுத்த மாதத்துத் தீனியையும் நாமே போடுகிறோம். வாங்க ஆள் இல்லாவிட்டால் ஆயிரம் பெயரும் ஒரு நாளில் உதிர்ந்து போகும்.

மறுமையில் ஒவ்வொருவரும் தனியே வந்து நிற்க வேண்டும். அங்கே வேறு பெயர் இல்லை, வேறு முகம் இல்லை. ஆயிரம் பேராய் வாங்கியவனும் ஒருவனாகவே வந்து கணக்குச் சொல்ல வேண்டும். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், அடுத்தவர் உரிமையைக் காக்கும் நெஞ்சையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.